நான்கு வெற்று ஆசனங்கள்: 1931 ஆம் ஆண்டுப் பகிஷ்காரமும் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் மனமுறிவும்

1931 ஆம் ஆண்டு மே மாதம் 4 ஆம் திகதி, இலங்கையின் முதலாவது அரசாங்க சபைக்குரிய நியமனப் பத்திரங்கள் ஏற்கப்பட்ட தினத்தன்று, யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் சமர்ப்பிக்கவில்லை. தேர்தலில் ஈடுபடும் எவரும் வாக்குகளை எண்ணியே தமது வெற்றியை அளவிடுவர். ஆனால் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசு நடத்திய பிரசாரமோ எவரையும் வெல்லச் செய்வதற்காக நடைபெற்றதன்று. எவரும் நிற்கலாகாது என்பதே அதன் வேண்டுகோள். எவரும் நிற்கவில்லை. அவ்வகையில் நோக்குமிடத்து, இந்நாட்டில் நடைபெற்ற தேர்தற் பிரசாரங்களுள் இதனைப்போல் முழுமையான வெற்றி பெற்றது பிறிதொன்றில்லை எனலாம். ஆயினும் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் அவ்வியக்கத்தின் குரல் யாழ்ப்பாண அரசியலில் ஒதுக்கப்பட்ட குரலாயிற்று. தோல்வியினால் மனமுறிவெய்திய இயக்கங்கள் வரலாற்றிற் பலவுண்டு. கேட்டதனைத்தையும் பெற்று, பெற்றதனாலேயே மனமுறிவெய்திய இயக்கம் என்ற வகையிலேயே வாலிபர் காங்கிரசின் கதை தனித்து ஆராயத்தக்கது.

1924 ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாண மாணவர் காங்கிரசு என்ற பெயரில் இவ்வமைப்புத் தோன்றியது. யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஹன்டி பேரின்பநாயகம் இதன் மூலவராகவும் இறுதிவரை இதன் சிந்தனைக்கு உருக்கொடுத்தவராகவும் விளங்கினார். அவரைச் சூழ நின்றோர் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதினரான ஆசிரியர்களும் உயர்தர வகுப்பு மாணவர்களுமேயாவர். சைவரும் கிறிஸ்தவரும் இதில் ஒருங்கே இணைந்திருந்தனர். ஆண்டு தோறும் நடைபெற்ற மாநாடுகளிற் பேசப்பட்டவை இன்று நோக்குமிடத்தும் துணிவு மிக்கனவாகவே தோன்றுகின்றன: பூரண சுயராச்சியம், சிங்களவர் தமிழர் ஒற்றுமை, தாய்மொழிக் கல்வி, தீண்டாமை ஒழிப்பு. ஆங்கிலங் கற்ற வாலிபர் ஆங்கிலத்திற் பேசுவதே நாகரிகமெனக் கருதப்பட்ட காலத்தில் தமிழிற் பேசினர், கதர் உடுத்தனர், சமபந்தி போசனத்தில் அமர்ந்தனர். கொழும்பு ஆனந்தாக் கல்லூரி அதிபர் பி. டி எஸ். குலரத்தின போன்ற சிங்களக் கல்விமான்கள் இம்மாநாடுகளுக்குத் தலைமை தாங்க அழைக்கப்பட்டனர். 1927 நவம்பரிற் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தபோது யாழ்ப்பாணத்தில் அவரை வரவேற்கும் பணியில் இவ்வாலிபர் முன்னின்றனர். பட்டதாரியாகித் திருமணச் சந்தையில் விலை உயர்வதும், கொழும்பிலோ மலாயாவிலோ எழுதுவினைஞராவதுமே வாழ்வின் இலட்சியமாயிருந்த ஒரு சமூகத்தில், இவ்வாலிபரின் பேச்சு எத்துணைப் புதுமையானதென்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

காந்தியடிகள் வந்த அதே மாதத்தில் டொனமூர் ஆணைக்குழுவினரும் இலங்கைக்கு வந்து சேர்ந்தனர். 1928 இல் வெளியான அவர்களது அறிக்கை, அதுவரை நிலவிய இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்துப் பிரதேசவாரிப் பிரதிநிதித்துவத்தையும் சர்வசன வாக்குரிமையையும் விதந்துரைத்தது. அதற்கு முன்னர் சனத்தொகையில் ஏறத்தாழ நான்கு வீதத்தினரே வாக்காளராயிருந்தனர். புதிய திட்டத்தின்கீழ் இருபத்தொரு வயதெய்திய ஆண், பெண் அனைவரும் வாக்காளராயினர். தெரிவு செய்யப்படும் ஐம்பது உறுப்பினர், தேசாதிபதியால் நியமிக்கப்படும் எண்மர், அரசாங்க உத்தியோகத்தர் மூவர் எனச் சபை அமைந்தது. நிர்வாகம் ஏழு நிர்வாகக் குழுக்களிடம் பகிரப்பட்டது. ஆனால் நிதி, நீதி, பாதுகாப்பு, வெளிவிவகாரம் முதலியன அம்மூன்று உத்தியோகத்தர் வசமே இருந்தன. தேசாதிபதியின் விசேட அதிகாரங்களும் குறைக்கப்படவில்லை. 1929 டிசம்பரில் சட்டநிரூபண சபை இத்திட்டத்தை 17 வாக்குகளுக்கு எதிராக 19 என்ற சொற்ப வேறுபாட்டால் ஏற்றுக்கொண்டது. தமிழ் உறுப்பினருட் பெரும்பாலோர் எதிர்த்தே வாக்களித்தனர்.

இவ்விடத்திற் சற்றுத் தாமதித்து, எதிர்த்தவர் எதனை எதிர்த்தனர் என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். ஏனெனிற் பின்னர் விளைந்த மனமுறிவின் வித்து இங்குதான் கிடக்கின்றது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் இத்திட்டத்தை எதிர்த்தமைக்கு இரு காரணங்கள் இருந்தன. இனவாரிப் பிரதிநிதித்துவம் நீங்கின் தமிழர் சிறுபான்மையினராகச் சுருங்குவர் என்பது ஒன்று. பெண்களுக்கும் சாதியிற் தாழ்த்தப்பட்டோருக்கும் கல்லாதோருக்கும் வாக்குரிமை அளிப்பது சமூக ஒழுங்கைக் குலைக்கும் என்பது மற்றையது. அவர் இவ்வெதிர்ப்பை இலண்டன்வரை கொண்டு சென்று, திரும்பிவந்து 1930 நவம்பரிற் காலமானார். வாலிபர் காங்கிரசின் எதிர்ப்போ இதற்கு நேர் மாறானது. திட்டம் போதிய அளவு சுயாட்சி அளிக்கவில்லை என்பதே அவர்களது குறை. இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிந்தமையை அவர்கள் வரவேற்றனர். சர்வசன வாக்குரிமையையும் கொள்கையளவில் ஏற்றனர். ஆகவே ஒருவர் திட்டம் மிக அதிகம் அளித்துவிட்டது என வெறுத்தார். மற்றவர் அது மிகக் குறைவாக அளித்தது என வெறுத்தனர். இவ்விரு வெறுப்புக்களும் வாக்குச் சாவடியை மூடிவிடுவது என்ற ஒரே செயலில் வந்து சந்தித்தன.

இந்தியாவின் எழுச்சி இவ்வாலிபரின் உள்ளத்தை எவ்வளவு கவர்ந்திருந்தது என்பதையும் மறத்தலாகாது. 1929 டிசம்பரில் லாகூரிற் பூரண சுயராச்சியத் தீர்மானம். அடுத்த ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகம். 1931 மார்ச்சில் காந்தி - இர்வின் ஒப்பந்தம். பாக்கு நீரிணைக்கு அப்பால் ஒரு தேசம் முழுவதும் சிறை புகுந்துகொண்டிருக்கையில், இப்பால் அரைகுறை ஆட்சிமுறையொன்றிற்கு வேட்பாளர் தேடித் திரிவது அவர்களுக்கு இழிவாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1931 ஏப்ரல் மாதப் பிற்பகுதியிற் கூடிய ஆண்டு மாநாட்டிற்கு இந்திய விடுதலை இயக்கத்தின் முன்னணி வீராங்கனையான கமலாதேவி சட்டோபாத்யாய தலைமை தாங்கினார். சுயராச்சியம் எம்மக்களினதும் பிறப்புரிமையென்றும், டொனமூர்த் திட்டம் அதற்குத் தடையென்றும், ஆதலின் அதனைப் பகிஷ்கரிப்பதென்றும் மாநாடு தீர்மானித்தது.

நியமனத் தினத்திற்கு எஞ்சியிருந்தவை சில நாட்களே. இச்சில நாட்களில் நடைபெற்றதே பிரசாரம். அது பொதுக்கூட்டங்களாலும் வீட்டுக்கு வீடு சென்று வாதிட்டதாலும் நிகழ்ந்தது என்பது உண்மையே. ஆசிரியர் ஒருவரின் சொல் கிராமத்தில் எடுபட்ட காலம் அது. எனினும் முடிவைத் தீர்மானித்தது கிராமத்து வாக்காளரன்று. நான்கு தொகுதிகளிலும் நிற்க ஆயத்தமாயிருந்த கனவான்கள் சிலரைப் பின்வாங்கச் செய்தாற் போதும், காரியம் முடிந்துவிடும். சட்டநிரூபண சபையில் 1921 முதல் அங்கம் வகித்த வைத்திலிங்கம் துரைசுவாமி பகிஷ்காரத்தின் பக்கம் சேர்ந்து தாமும் நிற்பதில்லை என உடன்பட்டபோது, ஏனையோர் தனித்து நிற்கும் துணிவை இழந்தனர். பொதுமக்கள் மத்தியில் எழுந்த உற்சாகத்திற்கு எதிராக நின்று தேசத்துரோகி எனப் பெயரெடுக்க எவரும் விரும்பவில்லை.

வெற்றியின் இரகசியம் இதுவே. அதன் பலவீனமும் இதுவே. இலட்சக்கணக்கான மக்கள் வாக்களிக்க மறுப்பது ஒருவகைப் பகிஷ்காரம். விரல்விட்டு எண்ணக்கூடிய கனவான்கள் நியமனப் பத்திரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டிலிருப்பது மற்றொரு வகை. முன்னையதில் ஒவ்வொருவனும் தன் முடிவைத் தானே எடுக்கிறான். பின்னையதில் மக்கள் எம்முடிவையும் எடுப்பதற்குச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை. 1931 ஜூன் மாதத்தில் நாடெங்கும் மக்கள் முதன்முறையாக வாக்களிக்கச் சென்றபோது, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாக்காளன் வாக்களிக்க மறுத்தவனாக இருக்கவில்லை. வாக்களிப்பதற்கு எதுவும் இல்லாதவனாகவே இருந்தான்.

இதன் தாக்கம் எல்லோர்மீதும் ஒரே வகையில் விழவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. யாழ்ப்பாணச் சமூகத்திற் கோயிலுக்குள் நுழையவும் பொதுக்கிணற்றில் நீரள்ளவும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களுக்கு, அரசாங்கம் அளித்த முதலாவது சமத்துவம் அவ்வாக்குச் சீட்டேயாகும். உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சகல பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்கப்படவேண்டும் என்ற விதி அதே காலத்திற்றான் நடைமுறைக்கு வந்தது. அதனைப் பொறாத உயர்சாதியினர் சில பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். வாலிபர் காங்கிரசு சம ஆசனத்திற்காகக் குரல் கொடுத்தது. ஆனால் அம்மக்கள் வேளாள நிலச்சுவாந்தருக்குச் சமமாக நின்று ஓர் அடையாளமிடும் வாய்ப்பை மூன்றாண்டுகளுக்குத் தள்ளிப்போட்டதும் அதே காங்கிரசுதான். பெண்களின் நிலையும் அவ்வாறே. தெற்கில் 1931 இல் அட்லின் மொலமுறேயும் 1932 இல் நேசம் சரவணமுத்துவும் இடைத்தேர்தல்களில் வென்று சபைக்குச் சென்றனர். நேசம் சரவணமுத்து தமிழ்ப் பெண்மணி. கொழும்பு வடக்கு வாக்காளர் அவரைத் தெரிவு செய்தனர். அப்பொழுது குடாநாட்டுப் பெண்ணொருத்தி தன் வாக்குரிமையை ஒரு தடவையேனும் பிரயோகித்திருக்கவில்லை. ஒரு பெண்மணியின் தலைமையிற் கூடிய மாநாடே இந்நிலைக்கு வழிவகுத்தது என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

ஆயினும் வாலிபரை முதலில் நோகச் செய்தது இதுவன்று, தெற்கின் மௌனமே. அவர்களது திட்டத்தின் அச்சாணி, யாழ்ப்பாணம் வழிகாட்டச் சிங்களப் பகுதிகள் பின்தொடரும் என்ற நம்பிக்கையாகும். இந்நம்பிக்கை முற்றிலும் ஆதாரமற்றதன்று. இலங்கைத் தேசிய காங்கிரசின் தலைவர்கள் பலர் டொனமூர்த் திட்டத்தைக் குறைகூறியே வந்தனர். பூரண பொறுப்பாட்சியே தம் கோரிக்கை எனவும் கூறினர். ஆனால் குறைகூறுவது வேறு, கையிலகப்பட்ட ஆசனத்தை விடுவது வேறு. திட்டத்தைக் கடுமையாக எதிர்த்த ஈ. டபிள்யூ. பெரேரா ஹொரணைத் தொகுதியில் நின்று சபைக்குச் சென்றார். தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவோ சர்வசன வாக்குரிமைக்காகப் போராடியவர்; அவர் இத்திட்டத்தைத் தம் வெற்றியாகவே கருதினார். தெற்கில் ஒரு தொகுதியேனும் வெறுமையாக விடப்படவில்லை. இலண்டனிலிருந்த பிலிப் குணவர்த்தன யாழ்ப்பாணத்தின் செயலைப் பாராட்டி எழுதினார். ஆனால் அவர் இலண்டனில் இருந்தார்.

வடமாகாணத்திற்குள்ளேயே பகிஷ்காரம் முழுமை பெறவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. ஐந்தாவது தொகுதியான மன்னார் - முல்லைத்தீவிற் தேர்தல் நடைபெற்றது. அதிற் போட்டியிட்டுத் தோல்வியுற்றவர்களுள் இளம் நியாயவாதியான ஜி. ஜி. பொன்னம்பலமும் ஒருவர். கிழக்கு மாகாணமும் தேர்தலிற் பங்குபற்றியது. ஆகவே தேசிய பகிஷ்காரமாகத் திட்டமிடப்பட்டது தமிழர் பகிஷ்காரமாகவும் அமையவில்லை. அது குடாநாட்டுப் பகிஷ்காரமாகவே முடிந்தது.

ஜூலை மாதத்திற் புதிய சபை கூடி அமைச்சர் எழுவரைத் தெரிவு செய்தது. டி. பி. ஜயதிலக, டி. எஸ். சேனநாயக்க, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர ஆகியோருடன் மலையகத்திலிருந்து பெரி சுந்தரமும் முஸ்லிம்களிலிருந்து எச். எம். மாக்கான் மாக்காரும் அமைச்சராயினர். யாழ்ப்பாணத்தவர் எவருமில்லர். அன்றுமுதல் யாழ்ப்பாணத்து வீடுகளிலும் சங்கங்களிலும் எழுந்த கேள்வி சுயராச்சியத்தைப் பற்றியதன்று. கல்வி அமைச்சும் விவசாய அமைச்சும் பணத்தைப் பங்கிடும்போது நமக்காகப் பேச யார் உளர் என்பதே அக்கேள்வி. அதற்கு வாலிபரிடம் விடையில்லை.

ஏன் விடையில்லை என்பதை விளங்கிக்கொள்ள இந்திய உதாரணம் பயன்படும். இந்தியக் காங்கிரசும் 1920 இற் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. ஆனால் தேர்தலைப் பகிஷ்கரித்தது அவ்வியக்கத்தின் ஒரு கூறு மட்டுமே. வழக்கறிஞர் நீதிமன்றத்தை விட்டனர், மாணவர் கல்லூரியை விட்டனர், அந்நியத் துணி எரிக்கப்பட்டது, சிறைகள் நிரம்பின. அவ்வாறிருந்தும் ஒத்துழையாமை 1922 இல் நிறுத்தப்பட்டதும், வெறுமனே வெளியே நிற்பதிற் பயனில்லை எனச் சி. ஆர். தாசும் மோதிலால் நேருவும் சுயராச்சியக் கட்சி அமைத்து 1923 இற் சட்டசபைகளுட் புகுந்தனர். யாழ்ப்பாணத்திற் பகிஷ்காரத்தைச் சூழ இவற்றுள் எதுவுமில்லை. மே 4 ஆம் திகதி மாலையிற் பிரசாரம் முடிவுற்றது. மறுநாட் காலையில் ஆசிரியர் பாடசாலைக்குச் சென்றனர். அப்பாடசாலைகள் அரசாங்க உதவி நன்கொடையில் இயங்கியவை. அவர்தம் மாணவரின் தந்தையர் அரசாங்கச் சம்பளத்திலோ மலாயாவிலிருந்து வந்த பணத்திலோ வாழ்ந்தவர். உலகப் பொருளாதார மந்தத்தால் மலாயாவில் ஆட்குறைப்பு நிகழ்ந்துகொண்டிருந்த வேளை அது. அரசாங்க உத்தியோகத்தை உயிர்மூச்சாகக் கொண்ட ஒரு மத்தியதர வர்க்கத்திடம் அரசாங்கத்தைப் புறக்கணிக்கும்படி கேட்பது, மீனை நீரைப் பகிஷ்கரிக்கக் கேட்பது போன்றதே. குடியானவரிடமும் தாழ்த்தப்பட்ட மக்களிடமும் சென்றிருந்தால் வேறொரு தளம் கிடைத்திருக்கலாம். ஆனால் அம்மக்களிடம் சொல்வதற்கு, உங்களுக்குக் கிடைத்த வாக்கைப் பயன்படுத்தாதீர்கள் என்பதைத் தவிர வாலிபரிடம் வேறு செய்தி இருந்ததா என்பது ஐயத்துக்குரியது.

இதனினும் கசப்பானது, செயலின் பொருளே அவர்கள் கையினின்றும் நழுவியமை. சிங்கள அரசியல்வாதிகள் பலர் பகிஷ்காரத்தை இனவாத அடம்பிடிப்பாகவே கண்டனர்: இனவாரி ஆசனங்கள் பறிபோனமையால் யாழ்ப்பாணத்தவர் கோபித்துக்கொண்டனர் என்றனர். இராமநாதனின் வாதங்களை நினைவிற் கொண்டவர்க்கு இவ்விளக்கம் பொருத்தமாகவே தோன்றியிருக்கும். உள்ளூரிலும் பகிஷ்காரத்தை ஆதரித்த பெரியோரிற் பலர் உண்மையில் அம்மனநிலையுடனேயே ஆதரித்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. பிற்கால ஆய்வாளர் சிலரும் இப்பகிஷ்காரத்திற் தேசியவாதத்தைவிடச் சிறுபான்மை அச்சமே மேலோங்கியது என வாதிடுவர். அவ்வாதம் வாலிபர் காங்கிரசைப் பொறுத்தவரை நியாயமற்றது. பகிஷ்காரத்தைப் பொறுத்தவரை முற்றிலும் நியாயமற்றதெனக் கூறமுடியாது. தீர்மானத்தை எழுதியவர் வாலிபர். அதனை நிறைவேற்றியவர் பெரியோர். எழுதியவரின் நோக்கமும் நிறைவேற்றியவரின் நோக்கமும் வேறுபடுமிடத்து, வெளியுலகம் நிறைவேற்றியவரின் நோக்கத்தையே நம்பும்.

1932, 1933 ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துப் பொதுசன அபிப்பிராயம் திரும்பியது. தேர்தல் நடத்தப்படவேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. பகிஷ்காரத்தை நிலைநிறுத்தும் பொருட்டு வாலிபர் மீண்டும் மேடையேறினர். ஆனால் இம்முறை அவர்களுக்கு எதிரே நின்றவர் தேசாதிபதியல்லர், தம் ஊரவரே. அரசாங்கத்தை எதிர்த்துப் பேசும்பொழுது கிடைத்த கரகோஷம், அயலவரின் அவாவை எதிர்த்துப் பேசும்பொழுது கிடைப்பதில்லை. 1931 இற் பின்வாங்கிய கனவான்கள் இப்பொழுது வெளிவந்தனர். 1934 இல் நான்கு தொகுதிகளுக்கும் தேர்தல் நடைபெற்றது. யாழ்ப்பாணத்தில் அருணாசலம் மகாதேவா, காங்கேசன்துறையில் இராமநாதனின் மருகர் சு. நடேசன், ஊர்காவற்றுறையில் நெவின்ஸ் செல்வத்துரை, பருத்தித்துறையில் ஜி. ஜி. பொன்னம்பலம் ஆகியோர் தெரிவாயினர்.

இந்நால்வருள் இறுதியாகக் குறிப்பிட்டவரின் வருகை, வாலிபர் காங்கிரசு கனவு கண்ட அரசியலின் முடிவைக் குறித்தது எனலாம். 1936 இல் அமைச்சர் எழுவரும் சிங்களவராகவே அமையுமாறு நிர்வாகக் குழுக்கள் வகுக்கப்பட்டபோது, பொன்னம்பலத்தின் வாதத்திற்கு அதனைவிடச் சிறந்த சான்று வேண்டியிருக்கவில்லை. சிறுபான்மையினர் அனைவர்க்கும் ஐம்பது வீதம், பெரும்பான்மையினர்க்கு ஐம்பது வீதம் என்ற அவரது கோரிக்கை முப்பதுகளின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தை ஈர்த்தது. வாலிபர் காங்கிரசு அதனை எதிர்த்தது; இனவாரிப் பிரதிநிதித்துவத்தை வேறு பெயரில் மீட்பதே இது என்றது. கொள்கை வழுவாமை போற்றத்தக்கதே. ஆனால் தெற்கை நம்புங்கள் என்று அவர்கள் சொன்னபோது, 1931 இல் நீங்கள் நம்பினீர்களே என்ற பதில் ஆயத்தமாக இருந்தது. இனங்களை ஒன்றிணைக்க மேற்கொண்ட செயலே, இனங்கள் ஒன்றிணையா என்பதற்கு எடுத்துக்காட்டாயிற்று.

மனமுறிவு என்பது நாட்குறிப்புக்களில் மட்டும் காணப்படும் ஓர் உணர்ச்சியன்று. மனிதர் பின்னர் எவ்விடத்திற்குச் சென்றனர் என்பதிலும் அது வெளிப்படும். பிலிப் குணவர்த்தன நாடு திரும்பியபின் தெற்கில் வாலிபர் சங்கங்களும் சூரியமல் இயக்கமும் வளர்ந்தன. 1935 டிசம்பரில் லங்கா சமசமாசக் கட்சி பிறந்தது. வாலிபர் காங்கிரசின் நோக்கங்களோடு ஒத்த தெற்கத்தியர் இறுதியில் உருவாகினர். ஆனால் நான்கு ஆண்டுகள் பிந்தி உருவாகினர். யாழ்ப்பாணத்து வாலிபர் சிலர் இடதுசாரி இயக்கத்தை நாடினர். பெரும்பாலோர் வகுப்பறைக்குத் திரும்பினர். ஒறேற்றர் சி. சுப்பிரமணியம், கே. நேசையா முதலியோர் கல்வித்துறையிற் பெயர் பெற்றவர்களே. யாழ்ப்பாணத்தின் கல்வி வரலாற்றில் இத்தலைமுறையினரின் பங்கு பெரிது; அவ்வரலாற்றைப் படிப்போர், அதன் ஆற்றலிற் கணிசமான பகுதி அரசியலில் இடமின்றித் திரும்பிய ஆற்றல் என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

பகிஷ்காரத்திற்குத் துணைநின்ற வைத்திலிங்கம் துரைசுவாமி 1936 இல் ஊர்காவற்றுறைப் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குச் சென்றார். சபை அவரைத் தன் சபாநாயகராகத் தெரிவு செய்தது. 1947 இல் அச்சபை மறையும்வரை அவரே அப்பதவியில் அமர்ந்திருந்தார். மகாதேவா 1942 இல் உள்நாட்டு அமைச்சரானார். ஆட்சிமுறையைப் புறக்கணித்துப் பின் அதன் உயர்பீடத்தை அடைந்தமைக்காகத் துரைசுவாமியைக் குறைகூறுவது எளிது. ஆனால் அவர் ஒருபொழுதும் புரட்சியாளராகத் தம்மைக் காட்டிக்கொண்டவரல்லர். 1931 இல் ஓர் அரசியல்வாதி காற்றின் திசையறிந்து நடந்தார்; 1936 இலும் அவ்வாறே நடந்தார். அவரைத் தம்மவர் என எண்ணியது வாலிபரின் பிழையேயன்றி அவரது பிழையன்று.

ஹன்டி பேரின்பநாயகம் 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் வட்டுக்கோட்டைத் தொகுதியிற் போட்டியிட்டார். பதினாறு ஆண்டுகளுக்கு முன்னர் எவரும் நிற்கலாகாது என வாதிட்டவர் தாமே நின்று மக்களிடம் வாக்குக் கேட்டார். அவருக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பின்னர்க் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகிப் பல்லாண்டுகள் பணியாற்றினார். அங்கு கற்பித்த காலத்திலும் தாய்மொழிக் கல்வியையும் இன ஒற்றுமையையும் பற்றி எழுதுவதையும் பேசுவதையும் அவர் நிறுத்தவில்லை. 1977 இல் அவர் காலமானார். மூன்றாண்டுகளின் பின்னர் வெளிவந்த நினைவு மலரிலேயே வாலிபர் காங்கிரசின் வரலாறு முதன்முறையாக விரிவாக எழுதப்பட்டது.